ரைகருக்குப் பல் மினுக்கி மூன்று வருடம்

பெயர்தான் ரைகர், ஆள் ஐந்து கிலோ பொமரேனியன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் மடியில் ஏறிக் கொட்டாவி விட்டான். கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி ஒரு மணம். மிருக வைத்தியர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பல்லு மினுக்கிறனீங்களோ?" என்றார். "நாய்க்கோ?" என்று கேட்டுவிட்டேன்.

மயக்கம் கொடுத்துத்தான் பல்லில் இறுகியிருந்த கல்லைச் சுரண்டினார்கள். இடப்பக்க மேல்தாடைப் பெரிய பல் வெடித்திருந்ததால் அதையும் பிடுங்க வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆசையாகப் போட்ட ஆட்டெலும்பின் வேலை அது. நாய்க்கு 42 பல். ரைகருக்கு இனி 41.

அன்று தொடங்கிய பல் மினுக்கலில் முதல் ஆறு மாதம் எனக்கு நானே ஏமாற்றுக்காரன். முன்பற்களை வெள்ளை வெளேரென்று வைத்திருந்தேன். காவி பிடிப்பதோ பின்னால். கன்னத்தின் உட்பக்கத்தில் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடம் அந்தப் பெரிய பல்லுக்கு நேரே இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள கல்சியம் படிந்து அங்கேதான் முதலில் கல்லாகிறது. மிஞ்சியிருந்த வலப்பக்கப் பெரிய பல்லில் மண்ணிறக் கோடு விழுந்த பிறகே இது எனக்கு உறைத்தது.

விரலில் மாட்டும் சிலிக்கோன் பிரஷ் வாங்கினேன். பல்லில் வழுக்கிக்கொண்டு போகும், ஈறு ஓரத்துக்குள் இறங்காது. ஒருநாள் கடியும் வாங்கியதோடு அதை விட்டாயிற்று. நாய்க்கென்று விற்கிற நீளப்பிடி பிரஷ் இவனுடைய வாய்க்குப் பெரிது. கடைசியில் பொருந்தியது பார்மசியில் வாங்கிய குழந்தைப்பிள்ளைப் பிரஷ்தான்.

கோழிச்சுவைப் பேஸ்ட் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன். முடிந்துபோன கிழமைகளில் வெறும் தண்ணீர்தான். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேய்ப்பது தும்புகள், பேஸ்ட் அவனுக்கு லஞ்சம். நாங்கள் பாவிக்கிற பேஸ்ட் மட்டும் வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டோல் என்ற இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி ஈரலையும் கெடுக்கும். உப்பும் கரியும் போடச் சொன்ன அம்மம்மாவுக்கும் இதையே சொன்னேன். "அந்தக் காலத்து நாயளுக்கு ஆர் மினுக்கினது?" என்றா. அந்தக் காலத்து நாய்களின் வாயை ஆர் திறந்து பார்த்தது?

இப்போது எங்கள் முறை இதுதான். ஆறு மணிக்கு, சோறு வைப்பதற்கு முன்னம், குசினிப் படியில். வாயைத் திறக்கத் தேவையில்லை. இடக்கையால் வாயை மெல்லப் பொத்தி, பெருவிரலால் உதட்டைத் தூக்கி, பிரஷைச் சாய்வாக ஈறு ஓரத்தில் வைத்துச் சின்ன வட்டமாகத் தேய்ப்பேன். ஒரு பக்கத்துக்கு முப்பது செக்கன். வெளிப்பக்கம் மட்டும், உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. தொடக்கத்தில் தும்பில் இரத்தம் பட்டது, வீங்கிய ஈறு அப்படித்தான். இரண்டு கிழமையில் குறைந்தது. உங்கள் நாய்க்குக் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை மினுக்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் கதை: போன வருடம் நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரம் பின்னேரம் கோயிலுக்குப் போனதில் பிரஷைத் தொடவில்லை. தீர்த்தம் முடிந்து உதட்டைத் தூக்கினால் பழைய மண்ணிறக் கோடு இன்னும் தடித்திருந்தது. பல்லில் படியும் பசை இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகினதைப் பிரஷ் அசைக்காது. அந்தக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பரவவில்லை, இரண்டாம் முறை மயக்கம் கொடுக்கவும் இதுவரை தேவைப்படவில்லை.

கடைவாய்க் கடைசிப் பற்களைத் தொட இன்றைக்கும் விடமாட்டான், உறுமுவான். அம்மா பிரஷ் பிடிக்கிற நாளில் மட்டும் அதுவும் நடக்கிறது. "ஈ காட்டு ராசா" என்பா. அவன் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான்.