பின்யினா, சூயினா, தமிழ் எழுத்தா? சீனம் தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சீனத்தின் பொதுமொழியான மாண்டரின் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ள மூன்று வழி உண்டு. சீனாவில் 1958-இல் அதிகாரபூர்வமான பின்யின், அதாவது ரோமன் எழுத்து முறை. தாய்வான் பள்ளிகளில் புழங்கும், 37 குறிகள் கொண்ட சூயின். நோட்டு ஓரத்தில் நாமே எழுதிக்கொள்ளும் தமிழ். என் ஓட்டு பின்யினுக்குத்தான்.

தமிழ் எழுத்து முதல் வாரம் சுகமாக இருக்கும், பிறகு காலை வாரிவிடும். நாய், வாய் இரண்டுக்குமான சீனச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'கோவ்' தான். தொனியும், அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கமும், ஒன்றே, மூன்றாம் தொனி. வித்தியாசம் மூச்சில் மட்டும். நாய்க்கு 'கல்'லில் வரும் க. வாய்க்கு அதே க-வைக் காற்றோடு தள்ள வேண்டும். டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: வாய்க்கு ஆட வேண்டும், நாய்க்கு அசையக் கூடாது. பின்யின் இவற்றை ஜி (g), கே (k) என்று பிரித்துவிடும். அந்த ஜி-யை 'பங்கு'வில் வரும் க போல வாசிப்பதுதான் வழக்கமான தவறு. இப்படி மொத்தம் ஆறு ஜோடிகள். இன்னொரு ஜோடி குழம்பினால் வயிறு முயலாகிவிடும். தமிழ் எழுத்து உதவும் இடம் ஒன்று உண்டு: பின்யினின் ஆர், நம் ழகரத்துக்கு வெகு அருகில்.

சூயின் துல்லியமானது, ஒப்புக்கொள்கிறேன். பின்யின் சில உயிரொலிகளை மறைக்கும். ஆறு என்ற எண்ணை எல்-ஐ-யு என்று எழுதி 'லியோவ்' என்று சொல்ல வேண்டும். ஜே, கியூ, எக்ஸ், ஒய் ஆகியவற்றுக்குப் பின் தனியாக வரும் யு, உ அல்ல: உதட்டை உ-வுக்குக் குவித்து, நாக்கை ஈ-யில் வையுங்கள். சூயினில் இதற்குத் தனிக் குறியே இருக்கிறது.

ஆனாலும் சீனாவில் வரும் பாடநூல்கள், அகராதிகள், எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலைகள், போனில் தட்டச்சு என எல்லாம் பின்யின்தான். அந்த ஈ-உ ஒலி எல், என் ஆகியவற்றுக்குப் பின் வந்தால் 'வி' விசையைத் தட்டினால் போதும். ஆபத்தும் அங்கேதான்: தட்டச்சுக்குத் தொனி தேவையில்லை என்பதால், 'வாங்கு', 'வில்' இரண்டும் 'மாய்' என்று தட்டினால் வரும் ஒரே எழுத்துப் பட்டியலில் வந்து நிற்கும், தொனி மறந்துபோகும். நோட்டில் எழுதும்போது வாங்குக்கு 3, வில்லுக்கு 4 என்று தொனி எண்ணைத் தவறாமல் போடுங்கள்.

தாய்வானில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப்போகிறவர்கள் சூயினும் கற்கலாம். பேச மட்டும் விரும்பும் பெரியவர்களுக்கு அந்த உழைப்பு தேவையா என்பது ஆளைப் பொறுத்தது.