மணலா, தண்ணியா, கடற்கரையா? வன்னி வெயிலில் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற அம்மாமார் எல்லாரும் ஒரே கதைதான் கதைப்போம். உள்ளே வைத்திருந்தால் அழுகை, வெளியே விட்டால் வெயில். என் மகளுக்கு இரண்டே கால் வயது. அக்காவின் மகன் மூன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். வட இலங்கையில், கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் எங்கள் முற்றத்தில் இந்த இரண்டு பேரோடும் ஒரு கோடை முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தோம். பேசின் என்கிற அகலப் பாத்திரத்தில் தண்ணி, மரத்தடியில் மணல், கடையில் வாங்கிய காற்றடைத்த தொட்டி, ஊஞ்சல், ஓலை, கடைசியில் கடற்கரையும் சிறுவர் பூங்காவும். என்னுடைய முதலிடம் மணலுக்கு. அம்மம்மாவைக் கேட்டால் தண்ணி என்பா. எங்கள் இருவருக்கும் இன்னும் அந்த வழக்குத் தீரவில்லை.

எதைத் தெரிவுசெய்தாலும் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஆண்டுக்கு இரண்டு தரம்: ஏப்ரல் 14 அளவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் மறுமுறை. பள்ளிக்கூட விடுமுறை என்று மூத்த பிள்ளைகளும் வீட்டில் நிற்கிற மாதங்கள் அவை. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் என்ன விளையாட்டு என்றாலும் நான் வெளியில் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடல் அசைகிற விளையாட்டு வேண்டும் என்கிறது. அதை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை, நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். காலை 7 தொடக்கம் 9 வரை, பின்னேரம் நாலரை தொடக்கம் 6 வரை என்று வைத்தால், வெளியிலேயே அந்தக் கணக்குச் சரிவந்துவிடும்.

இனி மணல். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலில் நான்கு உரப்பை எடுத்து, தென்னங்குற்றியால் சதுரம் கட்டிக் கொட்டினோம். சீமெந்து கலந்த மிச்சத்தைத் தொடவே வேண்டாம், ஈரம் பட்டால் அது தோலை எரிக்கும். ஒரு போத்தல் தண்ணி தெளித்து நனைத்த மணலில் பிள்ளை என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்தால்தான் தெரியும். அள்ளும், அமத்தும், குழி தோண்டும், சிரட்டையில் புட்டு அவித்துப் பூவரசம் இலையில் எனக்குப் பரிமாறும். அக்காவின் மகன் ஒருநாள் முக்கால் மணித்தியாலம் ஒரே குழிக்குள் குரும்பட்டிகளை இறக்கி மூடி, திரும்பத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது புதிதாகக் கண்டதுபோல எனக்குத் தூக்கிக் காட்டினான். வேறு எந்த விளையாட்டிலும் அவன் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்ததில்லை.

மணலை எங்கே கொட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். வன்னிச் சோளகம் என்றால் புழுதியோடுதான். அந்தப் பக்கம் மறைப்பில்லாமல் மணலைக் கொட்டினால் பிள்ளையின் கண்ணுக்குள்தான் போய்ச் சேரும். நாங்கள் தென்மேற்குப் பக்கமாக ஒரு கிடுகுத் தட்டி கட்டினோம். நிழலையும் கணக்குப் பார்க்க வேண்டும். காலை நிழல் மரத்துக்கு மேற்கே விழும், பின்னேர நிழல் கிழக்கே. ஆனி மாதத்தில் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே சாய்ந்து நிற்பதால் நிழல் தெற்கே ஒதுங்கும். நாங்கள் பின்னேரத்தில்தான் கூட விளையாடுவோம் என்பதால் வேம்பின் கிழக்குப் பக்கம் கொட்டினோம். காலையில் விடுகிறவர்கள் மேற்குப் பக்கம் கொட்டுங்கள்.

மணலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. பூனை அதைத் தன் கக்கூசாக்கிவிடும். அந்தக் கழிவால் வருகிற பூச்சி பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். அதனால் விளையாடி முடிந்தவுடன் தறப்பாளால் மூடி நாலு மூலைக்கும் கல் வைப்பது கட்டாயம். திறக்கும்போது முதலில் தடியால் தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். ஒருநாள் நான் அவசரத்தில் கையாலேயே தூக்க, மட்டத்தேள் ஒன்று என் விரலுக்குப் பக்கத்தால் ஓடியது. பிள்ளை எனக்குப் பின்னால் நின்றபடியால் தப்பினோம். தறப்பாளின் கீழ்க் குளிர்ச்சிக்குப் புடையன் பாம்பும் வந்து படுக்கும். விளையாடி முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிடுங்கள். வயிற்றுப் பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்று கிளினிக்கில் குடும்பநல மாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மம்மாவின் கட்சி தண்ணி. அவவின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெக்கையில் வாடிப்போய்ச் சிணுங்குகிற பிள்ளையைப் பேசினுக்கு முன்னால் இருத்தினால் இரண்டாம் நிமிடம் சிரிப்பு வரும். மகளுக்கு இரண்டு சிரட்டை கொடுப்போம், அதில் ஒன்று கண்சிரட்டை, தேங்காய்க் கண் ஓட்டையாக இருக்கிற பாதி. முதல் நாள் கண்சிரட்டையில் அள்ளிய தண்ணி மடியில் ஒழுக, சிரட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். திரும்ப அள்ளினாள், திரும்ப ஒழுகியது. நாலைந்து நாள் போனபிறகு அந்தக் கண்ணில் சின்னி விரலை வைத்து அடைத்துக்கொண்டு அள்ளினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் எதிலும் நான் அதைக் காணவில்லை.

அப்படியிருந்தும் தண்ணியை நான் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். முகம் கவிழ விழுந்தால் தானாக நிமிர்த்த ஏலாது. 5 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணியே போதும். கத்துகிற சத்தமும் கேட்காது, கை அடிக்கிற சத்தமும் கேட்காது. அடுப்பில் சோறு கொதிக்கிறது, ஒரு நிமிடத்தில் வருகிறேன் என்று எழும்பிப் போகிற விளையாட்டு இது அல்ல. கையெட்டும் தூரத்தில் பெரியாள் ஒருவர், கையில் போன் இல்லாமல், முழு நேரமும் இருக்க வேண்டும். மணலிலும் ஆள் வேண்டும்தான். ஆனால் பக்கத்தில் இருந்து மிளகாய் காம்பு கிள்ளலாம், முருங்கையிலை உருவலாம். தோட்டத்துக்கும் வயலுக்கும் போய் வருகிற அம்மாவுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அம்மம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருக்கிற வீட்டில் தண்ணி முதலிடத்துக்கு வரட்டும். வழக்கில் அந்த அளவுக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன்.

தண்ணியில் இன்னும் இரண்டு கவனம். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயில் முதலில் வருவது சுடுதண்ணி, பிள்ளையின் தோலைப் பொசுக்கக்கூடிய சூடு. கொஞ்சம் நிலத்தில் ஓடவிட்டு, முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் பேசினுக்குள் விட வேண்டும். முடிந்ததும் ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணியில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் பறக்கிற நுளம்பாகிவிடும். கட்டில்லாத கிணறு உள்ள காணியில் மணல், தண்ணி எதையும் தொடங்குவதற்கு முன்னால் கிணற்றைச் சுற்றி வேலி அடையுங்கள்.

காற்றடைத்த தொட்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீற்றர் அகலமான தொட்டியில் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணி நிரப்ப ஏறத்தாழ 200 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர் வாளியால் இருபது வாளி. ஆடி மாதத்தில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு நீட்டுகிற எங்கள் பக்கத்தில் அது ஆகிற காரியம் இல்லை. பேசினுக்கு ஒரு வாளி போதும். ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடும். எங்களுடையது மூன்றாம் கிழமை நெருஞ்சி முள் குத்திப் போனது. திரும்ப வாங்கவில்லை.

ஊஞ்சல் பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் அதில் பிள்ளை சும்மா இருக்கிறது, ஆட்டுகிற பெரியாளுக்குத்தான் தேகப்பயிற்சி. அதைவிடக் காய்ந்த தென்னோலையில் இருத்தி முற்றத்தைச் சுற்றி இழுப்பது எவ்வளவோ மேல். விழாமல் பிடித்துக்கொள்ள உடம்பு முழுக்க வேலை செய்யும். பிறகு இறங்கி, தானே ஓலையை இழுக்கும். பனை மட்டை வேண்டாம், அதன் கருக்கு கை தொடையெல்லாம் கிழித்துவிடும். ஊஞ்சல் கட்டினால் ஆட்டம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், தொங்கிக்கொண்டிருக்கிற கயிறு கழுத்தில் சுற்றும். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவது மாமாமாருக்குப் பழக்கம். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு அதில் விலகிப்போகும் என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கடற்கரை கடைசி. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பிள்ளை பாதியிலேயே நித்திரை. காலையில் கடற்பக்கமாகவே சூரியன் எழும்புவதால் முகத்துக்கு நேரே வெயில், பின்னேரம் போவதுதான் சரி. மற்றது, நான் அங்கே போய்த்தான் விளங்கிக்கொண்டது. சோளகக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் கரையோரம் அடங்கிக் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் வருகிற அமைதி அது. பிள்ளையின் பந்தும் காற்றடைத்த வளையமும் ஒரு கணத்தில் வெளியே இழுபட்டுப் போகும். மிதக்கிற எதையும் கொண்டுபோக வேண்டாம். ஈர மணலில் கால் நனைய நடந்தால் போதும். இரணைமடுக் குளக்கட்டுக்குக் காற்று வாங்கப் போகலாம், ஆனால் பிள்ளையைக் கையை விட்டு இறக்க வேண்டாம். கல் பதித்த சரிவு அது. வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. சிறுவர் பூங்காவில் சறுக்கு மரத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்கு மூன்று விநாடி பொறுக்க முடியாவிட்டால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

எங்கே விளையாடினாலும் வேலியை ஒருதரம் சுற்றிப் பாருங்கள். மஞ்சள் அலரி முழுதும் நஞ்சு, குன்றிமணி சிவப்பாக மின்னிப் பிள்ளையைக் கூப்பிடும். ஆனி, ஆடியில் பெரிய பிள்ளைகள் காட்டிலிருந்து பாலைப்பழம் கொண்டுவருவார்கள். கொட்டையை எடுத்துவிட்டுத்தான் சின்னதுகளுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் எங்காவது இரும்புச் சாமான் கண்டால் அதைத் தொடாமல் நின்று உடனே அறிவிக்கப் பழக்குங்கள். போரில் முன்னரங்காக இருந்த முகமாலையில் எவ்வளவு காலம் கண்ணிவெடி அகற்றினார்கள் என்று இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளை சோர்ந்து, உடம்பு சுட்டு, மணிக்கணக்காகச் சலம் போகாமல் இருந்தால் விளையாட்டை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் துடைத்துக் குடிக்கக் கொடுங்கள். தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இது. நாலரைக்குத் தட்டிப் பார்த்துத் தறப்பாளைத் திறப்போம். அஞ்சரை வரை மணல். பிறகு அம்மம்மா தன் நாற்காலியோடு வருவா, ஒரு வாளித் தண்ணி பேசினுக்குள் விழும். மணலெல்லாம் கழுவுப்படுகிற அந்தக் கால் மணித்தியாலம் இரண்டு பேரும் சிரட்டையோடு அதற்குள்தான். மிஞ்சிய தண்ணியை வாழைக்கு ஊற்றி, பேசினைக் கிணற்றடிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வருவோம்.