செட்டிநாட்டு 'பாரம்பரிய பூட்டிக்' ஓட்டலில் அறை போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்க ஆசைப்பட்டு ஆன்லைனில் அறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமீபத்தில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். படத்தில் காட்டியது ஒரு அறை, கையில் சாவி கொடுத்தது வேறு அறை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை ஓட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் இந்த மாதிரி இடங்களை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட முடியும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா சின்ன வயதில் தேவகோட்டையில் படித்தவர். அந்த வீடுகளின் திண்ணையைத் தாண்டி உள்ளே போனதில்லை, ஒரு நாளாவது வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் பெரிய ஓட்டல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, 'டிசைன் பூட்டிக் ஹெரிடேஜ் ஸ்டே' என்று போட்டிருந்த ஒரு இடத்தைப் பிடித்தோம். அறையின் பெயரே 'வளவு ஹெரிடேஜ் ரூம்'. படங்களில் பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் பூப்போட்ட கல்), பால்போல வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், முற்றத்தில் பித்தளை அண்டா. ஒரு இரவுக்கு 6,800 ரூபாய், வரி தனி. முழுப் பணமும் முன்பே கட்டியாயிற்று.

போய் இறங்கியதும் முகப்பில் உட்காரவைத்து பானகம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் எல்லாமே படத்தில் பார்த்த மாதிரிதான். அப்புறம் வரவேற்பில் இருந்த பையன் சாவியை எடுத்துக்கொண்டு வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு என்கிற பின்பகுதியையும் கடந்து, பின்வாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனான். சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கான்கிரீட் கட்டடம். "உங்க ரூம் இங்க எக்ஸ்டென்ஷன்ல இருக்கு மேடம். இதுவும் நம்ம பிராப்பர்ட்டிதான்" என்றான். முன்வீட்டு அறை என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "அங்க ஷூட்டிங் நடக்குது மேடம், கெஸ்ட்டுக்குத் தர்றதில்ல" என்று பதில். அன்றைக்கு மட்டும்தான் தருவதில்லையா, எப்போதுமே தருவதில்லையா என்று மறுபடி கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தக் கான்கிரீட் கட்டடத்துக்கு வாசல் மட்டும் பழசு. நல்ல வேலைப்பாடுள்ள நிலைக்கதவு. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரைக்கும் கட்டப்பட்டவை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு, இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள் அங்கே செய்துவந்த வியாபாரமும் வருமானமும் போய்விட்டது. பங்காளிகள் பல ஊர்களுக்குப் போய்விட, பராமரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் தூணும் கதவும் பீங்கானும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிப் புதுக் கட்டடத்தில் பொருத்துவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், குப்பைக்கும் விறகுக்கும் போவதைவிட அது மேல். ஆனால் ஒரு கதவைப் பொருத்திவிட்டு முழுக் கட்டடத்தையும் நூறு வருட வீடு என்று விற்பது மோசடி.

தரையைக் கண்டுபிடித்தது அப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ரெண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார். "இது ஆத்தங்குடிக் கல்லு இல்லம்மா. இது கடை டைல்ஸ்" என்றார். எனக்கு முதலில் வித்தியாசம் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு சிவப்புப் பூவின் இதழ் ஓரத்தில் கை தவறிச் சிந்தியதுபோல ஒரு சின்ன நீலத் தீற்றல். கையால் செய்ததுதானே என்று நினைத்தேன். ஆனால் அதே தீற்றல், அதே இதழில், அதே அளவில் பக்கத்துக் கல்லிலும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது. பாத்ரூம் வாசலிலும் இருந்தது. ஒரு கல்லைப் படம் பிடித்து, அதைப் பீங்கான் டைல்ஸில் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள்.

உண்மையான ஆத்தங்குடிக் கல் சூளைக்கே போவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தையும் அச்சையும் வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கடைசியில் கண்ணாடி தானாகக் கழன்று வரும், கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதான். குழம்பைக் கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் பூ இன்னொரு கல்லின் பூவைப்போல அச்சு அசலாக இருக்கவே இருக்காது. நடக்க நடக்க அதற்குப் பளபளப்பு இன்னும் ஏறும். ஆத்தங்குடியில் பட்டறைகள் இன்றும் நடக்கின்றன, போனால் செய்வதை நேரிலேயே பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். இவ்வளவு பக்கத்தில் அந்தத் தொழிலாளிகள் வேலைக்குக் காத்திருக்கும்போது, அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பிரிண்ட் டைல்ஸை ஒட்டியிருப்பதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கோபம் தந்தது.

கோபத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாத்ரூமுக்குக் கதவு கிடையாது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கோலம்போல ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். கேட்டால் 'ஓப்பன் கான்செப்ட்' என்றார்கள். எழுபதைத் தாண்டிய இரண்டு பேர் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள்? அம்மா குளிக்கும்போதெல்லாம் அப்பா வெளியே சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கை கழுவ வைத்திருந்தது ஒரு பித்தளை உருளி. பார்க்க அழகு. ஆனால் ஆழமே இல்லாத உருளிக்கு மேலே உயரத்தில் ஒரு குழாய், திறந்தால் தண்ணீர் உருளியின் விளிம்பில் பட்டுத் தெறித்து நேராகத் தரையில் விழுகிறது. தரையோ அந்தப் பிரிண்ட் டைல்ஸ், ஈரம் பட்டால் கால் நிற்காது. மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போன அம்மாவுக்கு வழுக்கிவிட்டது. பிடித்துக்கொண்ட டவல் கம்பி சுவரிலிருந்து கையோடு பிய்ந்து வந்தது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. வழுக்கிய விஷயத்தைச் சொன்னதும் ஒரு ரப்பர் மேட் வந்தது. அந்த மேட் அவர்களிடம் தயாராக இருந்தது என்றால், எங்களுக்கு முன்னாலும் யாரோ விழுந்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரவு முன்வீட்டில் கல்யாண ஜோடிகளின் போட்டோ ஷூட், ஜெனரேட்டர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சுமார்.

பில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால்தான் 18. எங்கள் அறை 6,800. எடுத்துச் சொன்னதும் 'சிஸ்டம் எரர்' என்று திருத்தினார்கள். அடுத்த வரியில் ஒரு இரவுக்கு 500 ரூபாய் 'ஹெரிடேஜ் பராமரிப்புக் கட்டணம்', அறை போடும்போது எங்குமே காட்டாத தொகை. இப்படி ஒரு விலையைக் காட்டி இழுத்துவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக ஏற்றுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடைசெய்திருக்கின்றன. ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தது. அதையும் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே அந்த ஆணையம் சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சர்வீஸ் சார்ஜை எடுத்தார்கள், பராமரிப்புக் கட்டணத்தை எடுக்க மறுத்துவிட்டார்கள். சண்டை போட அம்மா விடவில்லை, கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன்.

பதிவு செய்த இணையதளத்துக்கு எழுதினால் 'அறை ஒதுக்கீடு ஓட்டலின் முடிவு' என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டார்கள். அதன் பிறகு 1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். கேட்டது ஆதாரம்தான். அறை போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன், அறையின் பெயரும் படமும் விலையும் தெரிகிற மாதிரி. அது பெரிய உதவி, ஏனென்றால் நாங்கள் திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கத்தில் 'வளவு ஹெரிடேஜ் ரூம்' என்பது 'ஹெரிடேஜ் ஸ்டைல் ரூம்' ஆகிவிட்டது. படங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உதவி எண் மூலமாகப் போன பிறகு ஓட்டல்காரர்கள் ஒரு இரவுப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதை வாங்கிக்கொண்டு புகார் முடிந்துவிட்டது என்று எழுதிக்கொடுக்க நான் ஒப்பவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஓட்டல் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நாம் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊருக்கே அநியாயம் செய்தது ஆகிவிடும். கடைசி இரவுக்கு அங்கே தங்காமல் வேறொரு வீட்டுக்கு மாறினோம். ஃபோனில் பேசிய அந்த வீட்டு ஆச்சி எடுத்த எடுப்பிலேயே, "வளவைச் சுத்தி இருக்கிற அறையெல்லாம் சின்னதா, இருட்டாத்தான் இருக்கும் ஆத்தா. ஜன்னல் கிடையாது. நிலைப்படி உசரம், அப்பா அம்மாவைப் பார்த்து வரச் சொல்லு. பாத்ரூம் நாங்க பின்னால சேர்த்தது" என்றார். சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. அந்த வீடுகளில் வளவைச் சுற்றிய அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக, சாமான் பூட்டிவைக்கக் கட்டியவை. புழங்கியதெல்லாம் வெளியே வளவிலும் பட்டாலைக் கூடத்திலும்தான். ஆகவே 'அசல் வளவு அறை' என்று சொல்லிவிட்டுப் பெரிய ஜன்னலும் கொட்டுகிற வெயிலுமாகப் படம் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஃபோன் போட்டுப் பேசாமல் இந்த வகை ஓட்டலில் அறை போடாதீர்கள். அறை வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, முகப்பிலா, வளவிலா, மாடியிலா, பின்னால் கட்டியதிலா என்று கேளுங்கள். வீடு எந்த வருடம் கட்டியது, அந்த அறை எந்த வருடம் கட்டியது என்று தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் தங்கப்போகிற அதே அறையை, வாசலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரே வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான வீடு வைத்திருப்பவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள். பாத்ரூமுக்குக் கதவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறார்களா, நீங்கள் போகிற தேதியில் ஏதாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். ஓட்டல் போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். முகப்பும் முற்றமும் மட்டும் திரும்பத் திரும்ப வந்து, ஒருவர்கூடத் தன் கட்டிலைப் படம் எடுத்துப் போடவில்லை என்றால் காரணம் இருக்கும். 'பூட்டிக்' என்று மத்திய சுற்றுலா அமைச்சகம் எந்தத் தரமும் கொடுப்பதில்லை. 'ஹெரிடேஜ்' என்ற வகை உண்டு, 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். அது இல்லாமலும் நல்ல வீடுகள் நிறைய உண்டு, ஆனால் இருப்பதாகச் சொன்னால் காட்டச் சொல்லுங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், இலவசமாக ரத்து செய்யும் கடைசித் தேதி தாண்டுவதற்குள் அந்த ஓட்டலுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். எந்தக் கட்டடத்தில் அறை என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'வந்து பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னால் ரத்து செய்துவிடுங்கள்.