எடிம்ஆன்லைன்: 'இடியோசிங்க்ரசி' என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு மதிப்புரை

'இடியோசிங்க்ரசி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'தனிப்போக்கு' என்றோ 'விசித்திரப் பழக்கம்' என்றோ பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒருவர் ரசம் சாப்பிட்டு முடித்த பிறகே சாம்பார் கேட்பதும், மற்றொருவர் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு மனிதரின் பழக்கத்தைக் குறிக்கும் சொல் மருந்தியல் பாடநூலிலும் ஏன் வருகிறது, அதன் இறுதி எழுத்துகள் (-crasy) 'டெமாக்ரசி'யைப் (-cracy) போல ஒலித்தும் ஏன் வேறாக எழுதப்படுகின்றன என்று கேட்கும் மாணவருக்கு அந்தப் பொருள் போதாது. அவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கி, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் 'எடிம்ஆன்லைன்' என்ற சொற்பிறப்பு அகராதியை.

இந்தச் சொல்லுக்கு அங்கே உள்ள பதிவு சில வரிகள்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் செய்தி இருக்கிறது. ஏறத்தாழ 1600இல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இதன் மூலம் கிரேக்கம். 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது, 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ராசிஸ்' என்றால் கலவை. ஆக, ஒருவருக்கே உரிய கலவை என்பதே அடிப்படைப் பொருள். தொடக்கத்தில் ஒருவரின் உடல்வாகைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாக இருந்து, 1660களில் மனத்தின் இயல்பையும் குறிக்கத் தொடங்கியது. அங்கிருந்து இணைப்புகளைத் தொடர்ந்தால், எரிமலை வாயைக் குறிக்கும் 'க்ரேட்டர்', மதுவையும் தண்ணீரையும் கலக்கக் கிரேக்கர்கள் பயன்படுத்திய அகன்ற கலத்தின் பெயர் என்பதும், அதுவும் இதே 'கலத்தல்' வேரிலிருந்து வந்தது என்பதும் தெரியவரும். 'டெமாக்ரசி'யின் பின்பாதியோ வலிமையையும் ஆட்சியையும் குறிக்கும் 'க்ராட்டோஸ்'. இதைப் படித்த மாணவர் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத மாட்டார்.

எவற்றின் கலவை என்பதை மட்டும் அந்தப் பதிவு விளக்குவதில்லை. இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்மங்களின் விகிதமே உடலையும் குணத்தையும் தீர்மானிக்கிறது என்பது பண்டைக் கிரேக்க மருத்துவத்தின் கொள்கை. வாதம், பித்தம், கபம் என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பித்தம் என்ற உடற்கூற்றுச் சொல்லை ஒட்டியே 'பித்து'ம் 'பித்த'னும் நம்மிடம் வழங்குகின்றன. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் இறைவனைப் 'பித்தா' என்று அழைத்துத்தான் பாடத் தொடங்கினார். உடலைக் குறித்த சொல் மனப்போக்கைக் குறிக்கும் சொல்லாக வளர்வதை இரு மொழிகளிலும் பார்க்க முடிகிறது.

மருந்தியலில் இச்சொல் இன்னும் உடல்வாகோடுதான் இருக்கிறது. குளோராம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, மிகச் சிலருக்கு மட்டும், கொடுத்த அளவோடு தொடர்பில்லாமல், எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இத்தகைய எதிர்வினையை மருத்துவர்கள் இந்தச் சொல்லின் பெயரடை வடிவத்தால்தான் குறிப்பிடுகிறார்கள். இந்த மருத்துவப் பொருளுக்கு மருத்துவ அகராதியைத்தான் நாட வேண்டும்.

பயன்பாட்டைக் கற்கவும் இந்தத் தளம் போதாது. இதற்கு நெருங்கிய பொருளில் வழங்கும் சொற்களில் 'எக்சென்ட்ரிக்' என்றால் மையம் விலகியது என்பதையும், 'ஃபாய்பிள்' ஒரு காலத்தில் வாளின் வலுவற்ற முன்பகுதியைக் குறித்தது என்பதையும் அது அழகாகச் சொல்லும். ஆனால் முதலாவது ஊர் வழக்கத்திலிருந்தே விலகி நடப்பவரைக் குறிக்கும், இரண்டாவது மன்னிக்கத்தக்க சிறு பலவீனத்தைக் குறிக்கும், 'இடியோசிங்க்ரசி'யோ பழிப்பின்றி ஒருவரின் பழக்கத்துக்கோ ஒரு எழுத்தாளரின் நடைக்கோ பொருந்தும் என்ற வேறுபாடுகள் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்தால்தான் பிடிபடும். சொற்பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு என்று தளத்தின் முன்னுரையே சொல்லிவிடுவதால் இதை நான் குறையாகக் கருதவில்லை. மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அங்கே தரப்படும் ஆண்டுகளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 1660கள் என்பது அந்தப் பொருளில் எழுத்துச் சான்று கிடைத்திருக்கும் மிகப் பழைய காலம். பேச்சில் அது அதற்கு முன்பே வழங்கியிருக்கலாம்.