வளைந்தோடும் இலக்கை அடிப்பதற்கு எது: சைலன்ட் ஹன்டர் 4-ஆ, கோல்ட் வாட்டர்ஸா?

நீர்மூழ்கி விளையாட்டுக்களில் நேர்கோட்டில் போய்க்கொண்டிருக்கும் சரக்குக் கப்பலை அடிப்பது பெரிய காரியமன்று. நம்மைக் கண்டுகொண்டு திசை மாற்றி மாற்றி ஓடும் இலக்கை எதிர்கொள்ளும்போதுதான் விளையாட்டின் உண்மையான தரம் தெரியவரும். வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த பின் எஞ்சும் நேரம் ஒரு விளையாட்டுக்கே போதும் என்பதால், 2007இல் வெளியான சைலன்ட் ஹன்டர் 4, 2017இல் வெளியான கோல்ட் வாட்டர்ஸ் ஆகிய இரண்டில் ஒன்றையே நான் தொடர வேண்டியிருந்தது. தொடர்வது பழையதை.

காட்சியழகில் புதியது முந்தும். பழையது சாதாரணக் கணினியிலும் ஓடும். இவை எவரும் ஊகிக்கக்கூடியவை. முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இலக்கு திரும்பிய அந்தக் கணத்தில், இலக்கு எங்கே, என்ன வேகத்தில், எத்திசையில் போகிறது என்று அதுவரை சேர்த்த கணிப்பில் எவ்வளவு மிஞ்சுகிறது, மீதியைத் திரும்பக் கட்டியெழுப்புவது யார் கையில் இருக்கிறது என்பதே.

சைலன்ட் ஹன்டர் 4 பசிபிக் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளைப் பற்றியது. அதன் வழக்கமான டோர்பிடோ (நீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு) விட்ட திசையில் நேரே போகுமேயன்றி இலக்கைத் தேடிப் போகாது. ஆகவே தூரம், வேகம், கப்பலின் முகப்பு நம் பார்வைக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்ற கோணம் ஆகிய மூன்றும் தேவை. (தானியங்கிக் குறிவைப்பை அமைப்புகளில் நிறுத்திவிட்டு ஆடுபவர்களுக்கே இந்த அலசல் பொருந்தும்.) பெரிஸ்கோப்பில் கப்பலின் கம்பத்து உச்சியையும் நீர்க்கோட்டையும் பொருத்தினால் தூரம் கிடைத்துவிடும். 3 நிமிடம் 15 வினாடியில் கப்பல் எத்தனை நூறு மீற்றர் நகர்கிறதோ, அத்தனை நொட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அதன் வேகம். கோணத்தை மட்டும் கண்தான் சொல்ல வேண்டும். காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்து அதைப் பழகலாம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு நாம் இசுவடை மென்றுகொண்டு கடலைப் பார்ப்பதாகவே தோன்றும்.

இதில் ‘நிலை காப்பான்’ என்று சொல்லத்தக்க ஒரு கருவி உண்டு. ஒருமுறை மூன்று எண்களையும் கொடுத்து அதை இயக்கிவிட்டால், நம் படகும் இலக்கும் நகர நகரக் கணிப்பை அது தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். இலக்கு திரும்பியதும் கணிப்பு உடைகிறது என்பது உண்மையே. ஆனால் தூரமும் வேகமும் உடனே பெரிதாக மாறுவதில்லை, கெட்டுப்போவது கோணம் மட்டுமே. அந்த ஒன்றைத் திருத்திக் கருவிக்குக் கொடுத்தால் போதும். திரும்பலை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவை கம்பங்கள். முன்கம்பமும் பின்கம்பமும் ஒட்டித் தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி வருகிறது, அல்லது நேரே விலகிப் போகிறது. இடைவெளி விரியத் தொடங்கினால், அதன் பின்தடம் வளைவதற்கு முன்னரே திரும்பல் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

வளைந்து செல்லும் கப்பலின் ஒவ்வொரு திருப்பத்தையும் துரத்திக்கொண்டிருந்தால் எண்ணெயும் மின்கலமும்தான் தீரும். வரைபடத்தில் அதன் இடங்களைக் குறித்து நடுவால் ஒரு கோடு போட்டால் அது உண்மையில் எங்கே போகிறது என்பது தெரியும். அந்தக் கோட்டில் முன்னால் சென்று காத்திருந்து, ஒரு திருப்பம் முடிந்த கையோடு சுட வேண்டும். அடுத்த திருப்பம் வருவதற்குள் டோர்பிடோ போய்ச் சேர்ந்துவிடும்.

டோர்பிடோவின் தெரிவும் இதிலேயே அடங்கும். மார்க் 14, 46 நொட் வேகத்தில் 1000 மீற்றரை ஏறத்தாழ 42 வினாடியில் கடக்கும். ஆனால் பகலில் அதன் குமிழித்தடம் கண்ணில் படும். மின்சாரத்தில் ஓடும் மார்க் 18 தடம் விடாது. ஆனால் 29 நொட்டில் அதே தூரத்துக்கு 67 வினாடி எடுக்கும். மிகையாகும் 25 வினாடியில் 15 நொட்டில் ஓடும் கப்பல் சுமார் 190 மீற்றர் நகர்ந்துவிடும். அது சாதாரண சரக்குக் கப்பலின் நீளத்தைவிட அதிகம். ஆகவே விழித்துக்கொண்ட இலக்குக்கு மார்க் 14, இன்னும் அறியாத இலக்குக்கு மார்க் 18 என்பதே என் வழக்கம்.

பெரும்பாலும் பனிப்போர்க் காலத்தில் நடக்கும் கோல்ட் வாட்டர்ஸில் இந்தக் கணக்கு வேலையை மாலுமிகள் செய்துவிடுகிறார்கள். கணிப்பு எத்தனை வீதம் தேறியிருக்கிறது என்பதே நமக்குக் காட்டப்படும். நம் வேலை அதன் பின் தொடங்குகிறது. எதிரி ஓசை எழுப்பும் போலிகளை வீசுவான், ஒலியை மறைக்கும் வெப்ப அடுக்குக்குக் (வெப்பநிலை சட்டென மாறும் நீர்ப்பகுதிக்கு) கீழே இறங்குவான், சடுதியாகத் திரும்பிக் கலங்கிய நீரை விட்டுச்செல்வான்; நாம் டோர்பிடோவோடு இணைந்த கம்பி வழியே அதைத் திருப்பி அவற்றைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அதேவேளை அவன் விட்ட டோர்பிடோ நாம் சுட்ட திசையிலேயே நம்மைத் தேடி வரும். அந்தப் பரபரப்பு பழையதில் கிடையாது. அதன் 1968 பகுதி நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது: அதிலுள்ள மார்க் 37 டோர்பிடோவின் வேகம் 26 நொட், தப்பியோடும் சோவியத் நொவெம்பர் வகை நீர்மூழ்கி 30 நொட்டளவில் ஓடும். பின்னாலிருந்து துரத்திப் பயனில்லை. முன்னால் போய்த்தான் சுட வேண்டும். 1984 பகுதியில் மார்க் 48 வந்ததும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்து, சுவையும் சற்றுக் குறைகிறது. தென்சீனக் கடல் பகுதியை நான் அதிகம் ஆடாததால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அரை மணி நேரத்தில் ஒரு சண்டையை முடிக்க விரும்புபவர் தயங்காமல் கோல்ட் வாட்டர்ஸை எடுக்கலாம். சைலன்ட் ஹன்டர் 4இல் காலத்தை வேகமாக ஓட்டினாலும் ஒரு துரத்தல் ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடும். இருந்தும், குறி தவறும்போது தவறியது கோணமா வேகமா என்று நானே தேடிக் கண்டுபிடிக்கக் கூடியது அதில்தான். வீதக்கணக்கைப் பிறர் போட்டுத் தருமிடத்தில் அந்தத் தேடலுக்கு இடமில்லை.

சைலன்ட் ஹன்டர் 4 வாங்குபவர்கள் 2008இல் வந்த யூ-போட் இணைப்பும் சேர்ந்த ‘Gold’ பதிப்பையே எடுப்பது நல்லது. அதில் ஜேர்மன் நீர்மூழ்கிகளோடு நம் இந்து சமுத்திரமும் வருகிறது. ஆனால் ஜேர்மன் படகில் நிலை காப்பான் இல்லையாதலால், முதலில் அமெரிக்கப் படகில் கை பழகிய பின் இந்தப் பக்கம் வரலாம்.