மார்மன் நூலின் நிலம்: மத்திய அமெரிக்காவா, ஓஹாயோவா?

1830-ல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூல், அவர் நிறுவிய மார்மன் சபையின் வேதம். பண்டைக்காலத்தில் ஜெருசலேமிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறியவர்கள் அமெரிக்கக் கண்டத்தில் நகரங்கள் கட்டி வாழ்ந்ததாக அது சொல்கிறது. அந்த நிலம் எது? சபை எதையும் அதிகாரபூர்வமாகச் சொல்லாததால், விசுவாசிகள் இரண்டு வரைபடங்களுக்கு நடுவே தவிக்கிறார்கள்.

எழுத்தும் நகரமும்
மத்திய அமெரிக்கா: மாயா எழுத்து, நாட்காட்டி, கல் கோயில்கள் உண்டு.
ஓஹாயோ: ஹோப்வெல் என்ற பண்டைய பூர்வகுடி மக்களின் பிரமாண்டமான மண்மேடுகள் உண்டு, எழுத்து இல்லை.

முதல் பார்வையில் மாயா பக்கம் கனம்தான். ஆனால் அந்த எழுத்தை இன்று படிக்க முடிகிறது. எந்த அரசன் எந்த நாளில் முடிசூடினான் என்பதுவரை கல்லில் இருக்கிறது. நூலில் வரும் ஒரு பெயர்கூட இல்லை. 1952-ல் ஆதாரம் தேடி அகழாய்வு அமைப்பைத் தொடங்கிய மார்மன் விசுவாசி தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசனே பின்னாளில் நம்பிக்கை இழந்தார். தெற்கு மெக்சிகோவின் சியாபாஸில் அந்த அமைப்பு செய்த அகழாய்வு மட்டும் இன்றும் மதிக்கப்படுகிறது. அது நேர்மையான உழைப்பு.

குமோரா குன்று
ஓஹாயோ: நூல் பொறித்த தங்கத் தகடுகள் கிடைத்ததாக ஸ்மித் சொன்ன நியூயார்க் குன்றையே, நூலில் கடைசிப் போர் நடக்கும் குமோராவாகக் கொள்ளலாம்.
மத்திய அமெரிக்கா: தெற்கே இன்னொரு குமோரா தேவை.

குதிரை, எஃகு
நூலில் இவை வருகின்றன; இரண்டு நிலத்திலும் இடிக்கிறது. அமெரிக்கக் குதிரை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. ஸ்பானியர்களோடுதான் திரும்பி வந்தது.

சரி, எதை எடுப்பது? நகர வர்ணனை பொருந்த வேண்டுமென்றால் மத்திய அமெரிக்கா. ஸ்மித்தின் சொந்த ஊர்ப்பக்கம் முக்கியமென்றால் ஓஹாயோ. மண்ணிலிருந்து எடுத்த சான்றுதான் வேண்டுமென்றால், என் கணிப்பில், இரண்டுமே உதவாது.