யூனிட் ஒன்பது ரூபாய்

போன வருஷம் (2025) மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாவது நாள், மதியம் ஒரு மணி. மதுரை செல்லூரில் அம்மா குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் பெட்டியோடு நுழைந்தேன். மூன்று வருஷம் கழித்து வருகிறேன். அம்மா நடையில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஃபேன் நின்றிருந்தது. கரண்ட் இல்லை போல என்று நினைத்தால், பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. சுவிட்சைத் தட்டினேன், சுற்றியது.

"நீ வந்துட்டேல்ல, இனிமே போட்டுக்க" என்றாள்.

அந்த மூன்று வாரத்தில் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்தேன், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தேன், வங்கி வேலை, ஆதாரில் விலாசம் மாற்றுகிற வேலை எல்லாம் முடித்தேன். அதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் சிங்கப்பூர் திரும்பி இத்தனை நாளாகியும் கண்ணுக்குள் நிற்பது அந்த ஃபேன்தான்.

அம்மாவிடம் பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில் கரண்ட் கணக்கு. ஏப்ரல்: 70 யூனிட், 630 ரூபாய். மார்ச்: 70 யூனிட், 630 ரூபாய். ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், சின்ன ஃபிரிட்ஜ், சாயங்காலம் இரண்டு மணி நேரம் டிவி. யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். காம்பவுண்டு முழுக்க வீட்டுக்காரர் பேரில் ஒரே சர்வீஸ். மூன்று குடித்தனத்துக்கும் அவரே சப்மீட்டர் மாட்டியிருக்கிறார். ஒன்றாம் தேதி வந்து மீட்டரைப் பார்த்து, பெருக்கிச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் வளர்ந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஈபி அட்டை தொங்கும். ரீடிங் எடுக்கிறவர் வந்தால் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் போவார். அப்பா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் வரிசையில் நின்று கட்டி வருவார். இப்போது அம்மாவிடம் அட்டையே கிடையாது. அட்டை இல்லாததால் அவள் இழப்பது எவ்வளவு என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். நான் போயிருந்தபோது அதில் முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்திலிருந்து அப்படித்தான். அம்மா இரண்டு மாதத்தில் எரிப்பது 140. தனி இணைப்பு இருந்தால் நாற்பது யூனிட்டுக்குத்தான் காசு. அந்தக் கட்டணப் படியில் யூனிட் அப்போது இரண்டரை ரூபாய்க்குள். நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அவள் கட்டுவது 1,260.

சிங்கப்பூரில் நாங்கள் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் ஒரு பேச்சு வரும்: "ஊருக்குப் போயிட்டா மாசம் இருபதாயிரத்துல ராஜா மாதிரி இருக்கலாம்." நானும் நம்பினேன், நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே மூன்று ஊர்க் கணக்கு இருக்கிறது. தம்பி பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம், வாடகை 32,000. அக்கா சென்னை மேடவாக்கத்தில், 18,000. அம்மாவுக்கு 5,500. இந்த மூன்று எண்ணை வைத்து மதுரை மலிவு என்று முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்த நாள் தம்பிக்கு போன் போட்டேன். அவன் ஏழு வருஷமாக அதே வாடகை வீடு, மீட்டர் தனி. 2023 ஆகஸ்டிலிருந்து கர்நாடகத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசத் திட்டம். முந்தைய சராசரியைப் பார்த்து அளவு வைக்கிறார்கள், வாடகைக்கு இருப்பவரும் பதிந்துகொள்ளலாம். நாலு பேர் இருக்கிற அவன் வீட்டில் கரண்ட் பில் சைபர். அக்கா வீட்டில் கோடையில் ஏசி; இரண்டு மாதத்துக்கு 700 யூனிட், நாலாயிரத்தை ஒட்டிக் கட்டுகிறாள். யூனிட் ஆறு ரூபாய்க்குள்தான். மூன்று பேரில் ஒரு யூனிட்டுக்கு அதிக விலை கொடுப்பவள் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியை வைத்துக்கொண்டிருக்கிற அம்மா. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மதுரையில் அம்மாவுக்குச் சலுகை இல்லாமல் இல்லை. ரேஷன் அரிசிக்கு 2011 ஜூனிலிருந்து காசு கிடையாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது. செல்லூரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து திருநகர் சித்தி வீடு என்று அம்மா கைவீசிப் போய் வருகிறாள். யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, பெங்களூருவிலிருந்து வந்த தம்பி மனைவியும் சும்மாதான் ஏறினாள். அம்மா பெங்களூரு போனபோது அப்படி நடக்கவில்லை. அங்கே இலவசம் கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும். ஆதாரில் மதுரை விலாசம் இருந்ததால் டிக்கெட் எடுத்தாள். அரசாங்கம் நேராகக் கொடுப்பது அம்மா கைக்கு வந்து சேருகிறது. நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடத்தில்தான் நின்றுபோகிறது.

சிங்கப்பூரில் நான் முதல் ஆறு வருஷம் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அறை வாடகைக்கு இருந்தவன். அங்கே யூனிட்டுக்கு முப்பது சிங்கப்பூர் காசு அளவில், நம் பணத்தில் ஏறக்குறைய இருபது ரூபாய். மதுரையை விட எவ்வளவோ அதிகம்தான். ஆனால் மாதா மாதம் வீட்டுக்கார அம்மா அசல் பில்லையே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். இருக்கிற தலையை எண்ணி வகுப்போம். அவருக்கு அதில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிஞ்சாது, எனக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் போனேன். தங்கமான மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த அன்று ராத்திரி முழுக்க எங்களோடு இருந்தவர். "வாங்க தம்பி, காபி சாப்பிடுங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இதுல என்ன லாபம் தம்பி? எல்லாரும் எரிக்கிறது சேர்ந்து மேல் ரேட்டுக்குப் போயிருது. மோட்டார் ஓடுது, நடையில லைட்டு எரியுது, அதெல்லாம் யாரு கட்டுவா?"

அவர் சொல்வதில் பாதி உண்மை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் படி மட்டுமல்ல, கீழ்ப் படி ரேட்டும் ஏறுகிற மாதிரிதான் இங்கே கட்டண முறை. அவர் வீட்டையும் சேர்த்து நாலு குடும்பத்துக்கு ஒரே சர்வீஸ் என்றால் தாண்டாமல் எப்படி? போன பில்லைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினார். மோட்டார், நடை லைட்டு எல்லாம் சேர்த்து 900 யூனிட், தொகை ஆறாயிரத்தை ஒட்டி. அங்கேயே வகுத்துக் காட்டினேன்: யூனிட் ஆறே முக்கால் ரூபாய்கூட வரவில்லை. மேலும் நாலு வீட்டுக்கு நாலு நூறு யூனிட் இலவசமாக வரவேண்டியது, ஒரே அட்டையில் ஒரு நூறாகச் சுருங்கிவிட்டது. அந்த முந்நூறு யூனிட் அவருக்கும் போகவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் போகும் என்று தண்ணீர் பாட்டிலோடு போனவன், பத்து நிமிஷத்தில் வெளியே வந்தேன். அங்கிருந்த பெண் ஊழியர், "தனி வாசல் இருக்கா சார்? தனி அடுப்படி இருக்கா? அப்ப தாராளமா போடலாம். ஆன்லைன்லயே எழுதிப் போடுங்க, வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் மட்டும் வாங்கிட்டு வந்திருங்க" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் யானைக்கல் வரை நடந்தே போய் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன்.

ஆனால் அந்தக் கடிதம் வரவில்லை. "அவங்க பேருக்கு மீட்டர் வந்துட்டா நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பிரச்சனையாயிருமே" என்றார் வீட்டுக்காரர். மீட்டர் உங்கள் பேரிலேயே இருக்கட்டும், வாங்குகிற செலவு மொத்தமும் என்னுடையது என்றேன். "சொத்துவரியில வந்து அளந்துட்டுப் போவாங்க தம்பி." அதற்கு என்னிடம் பதில் இல்லை. "ஆடி கழியட்டும், பார்ப்போம்" என்றார். எழுதி வைத்திருந்த கடிதத்தை வாங்கி டிவிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள், அம்மாவுக்குத் தெரியாமல் ஆறு மாதக் கரண்ட் காசை மொத்தமாக அவர் கையில் கொடுத்தேன். நான் போனபின் இந்த வெயிலில் அவள் ஃபேனை நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான் என் நினைப்பு. ராத்திரிக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஒம்பது ரூவா சரின்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சேடா. அந்தா மூணாவது வீட்டுல கைப்பிள்ளை இருக்கு. அதுக ஒரு வருஷமா அவர்கிட்ட ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருக்குதுக. இனி என்னத்தச் சொல்லிக் கேக்கும்?"

ஆடி போய், தீபாவளியும் போய்விட்டது. கடிதம் இன்னும் டிவிக்கு மேல்தான் இருக்கிறதாம். நேற்று வீடியோவில் பேசும்போது அம்மாவின் தலைக்கு மேல் ஃபேன் நின்றிருந்தது. கேட்டேன்.

"சாயங்காலந்தானடா, ஆத்துக் காத்து வருது" என்றாள்.